பண்டல் விலையில் எழுதப்படும் பதில்: மத்திய பட்ஜெட்டும் விருதுநகர் மாவட்டத் தொழில்களும்

பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் உரையை முடித்துச் சில மணி நேரத்துக்குள் தொழில்துறையின் கருத்துகள் வந்துவிடுகின்றன. டெல்லியில் பெரிய கூட்டமைப்புகள் வரவேற்கின்றன. மும்பையில் பங்குச்சந்தை ஏறுகிறது அல்லது இறங்குகிறது. மறுநாள் காலை உள்ளூர்ப் பதிப்பில் விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் வர்த்தக சங்கத்தார் சொன்னது புகைப்படத்துடன் அச்சாகிறது. ‘வரவேற்கத்தக்கது’, ‘ஏமாற்றம் அளிக்கிறது’, ‘நீண்ட நாள் கோரிக்கை இந்த முறையும் கண்டுகொள்ளப்படவில்லை’ என்ற மூன்றுக்குள் பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும்.

பட்ஜெட்டுக்குத் தனியார் துறை பதில் சொல்வதே பெரிய பொதுக்கூட்டமாக நடந்த காலமும் இந்தியாவில் இருந்தது. 1958இல் மும்பை கிரீன்ஸ் ஹோட்டலின் சிறிய அரங்கில் வழக்கறிஞர் நானி பல்கிவாலா தொடங்கிய பட்ஜெட் விளக்க உரை, பின்னாளில் பிரபோர்ன் கிரிக்கெட் மைதானத்தையே நிரப்பியது. வருமான வரி கட்டும் நகரத்து நடுத்தர வர்க்கமும் நிறுவன முதலாளிகளும் தங்கள் மனக்குறையை அங்கே அவர் வாயால் கேட்டார்கள். சிவகாசிக்கு அப்படியொரு மேடை வாய்த்ததில்லை. ஆனாலும் நூறு ஆண்டுகளாக இந்த ஊர் பட்ஜெட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஓர் ஆலை எத்தனை ஆலையாகப் பிரிந்தது, ஒரு தீப்பெட்டிக்குள் எத்தனை குச்சி போனது, எந்த மாதம் ஆலைக் கதவு மூடியது, குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் பெண்ணின் கூலி எவ்வளவு நாள் உயராமல் நின்றது என்பவையெல்லாம் அந்தப் பதிலின் வரிகள். அன்று மாலை வரும் அறிக்கையைவிட, அடுத்த பல ஆண்டுகளில் ஒரு தொழில் தன் உருவத்தை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதைப் பார்த்தால்தான் பட்ஜெட்டுக்குத் தொழில்துறை சொன்ன பதில் புரியும். விருதுநகர் மாவட்டத்தின் வரலாறு இதற்கு வேறெங்கும் கிடைக்காத அளவுக்குச் சான்று தருகிறது.

ஒன்றரை ரூபாயில் பிறந்த தொழில்

1922 மார்ச்சில் பிரிட்டிஷ் இந்திய அரசின் பட்ஜெட் பெரும் பற்றாக்குறையுடன் வந்தது. முதல் உலகப் போரின் சுமை இன்னும் இறங்கவில்லை. நிதி உறுப்பினர் மால்கம் ஹெய்லி சுங்க வரிகளை உயர்த்தினார். இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 12 அணாவாக இருந்த வரி ஒன்றரை ரூபாய் ஆனது. கஜானாவை நிரப்புவதுதான் நோக்கம். உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் எண்ணம் அதில் இல்லை. அன்று இந்திய வீடுகளில் அடுப்பு மூட்டிய தீக்குச்சிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தவை. ஒரே அறிவிப்பில் அவற்றின் விலை உள்நாட்டில் யார் வேண்டுமானாலும் போட்டியிடக்கூடிய அளவுக்கு ஏறிவிட்டது.

இந்த வரிக்கு இரண்டு பதில்கள் வந்தன. முதல் பதில் சுவீடன் முதலாளிகளுடையது. சரக்கை அனுப்பினால்தானே வரி, ஆலையையே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று 1923இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னை திருவொற்றியூரில் இன்றும் விம்கோ நகர் என்று ரயில் நிலையத்துக்கே பெயராக நிற்பது அந்த நிறுவனம்தான். இரண்டாவது பதில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பொய்த்த கரிசல் பூமியிலிருந்து வந்தது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அவர் உறவினர் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினார்கள். 1923 வாக்கில் ஊரில் ஆலை எழுந்தது. இயந்திரத்தில் தொடங்கிய வேலை சில ஆண்டுகளில் கைவேலைக்கு மாறியது. விவசாயம் கைவிட்ட ஊரில் இயந்திரத்தைவிட மனிதக் கை மலிவாகக் கிடைத்தது என்பதே அதற்குக் காரணம். இந்தத் தொழிலின் பிற்காலம் முழுவதையும் அந்த ஒரு மாற்றம் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன்.

உள்நாட்டு உற்பத்தி பெருகப் பெருக இறக்குமதி வற்றியது. சுங்க வரியில் வந்த வருமானமும் வற்றியது. 1934 பட்ஜெட்டில் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் சர்க்கரைக்கும் தீப்பெட்டிக்கும் உற்பத்தி வரி போட்டார். வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மீது ‘பேண்ட்ரோல்’ என்ற சீட்டு ஒட்டவேண்டும். பெட்டி விற்றுக் காசு வருவதற்கு முன்பே சீட்டுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதால், கையிருப்பு உள்ளவர் நிலைத்தார். இல்லாதவர் கடன் வாங்கினார். ஓர் ஆலை முதலாளிக்கு வரி விகிதத்தைப் போலவே வரி கட்டும் தேதியும் உயிர்ப் பிரச்சினை என்பதைச் சிவகாசி அப்போதே கற்றுக்கொண்டது. இந்தப் பாடம் 2024இல் இன்னொரு வடிவில் திரும்ப வரும்.

பிரிந்து பிழைத்தல்

சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசுகள் பெரிய இயந்திர ஆலையிடமிருந்து கைத்தொழிலைக் காக்க நினைத்தன. தீப்பெட்டி ஆலைகளை உற்பத்தி அளவை வைத்து வகை பிரித்து, பெரிய ஆலைக்கு அதிக வரி, சிறியதற்குக் குறைந்த வரி, குடிசை அளவிலானதற்கு அதைவிடக் குறைந்த வரி என்று பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் நிர்ணயித்தன. நல்ல நோக்கம்தான். விம்கோவின் பிடி மெல்லத் தளர்ந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, வடக்கே குடியாத்தம் வரை கைத்தீப்பெட்டி பரவியது. மானாவாரி நிலத்தில் ஆண்டுக்குச் சில மாதங்களே வேலை கிடைத்த குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் கூலி கிடைத்தது. இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஒவ்வொரு வரிப்படியும் ஒரு வேலியாகவும் வேலை செய்தது. உற்பத்தி ஓர் அளவைத் தாண்டினால் வரி ஏறும் என்றால் தாண்டாமல் இருப்பதே லாபம். ஒரே குடும்பத்தின் பணத்தில், ஒரே லேபிளுக்காக, பல பெயர்களில் பல சிறு ஆலைகள் எழுந்தன. மருந்து முக்குவது ஓரிடம், கட்டை அடுக்குவது ஓரிடம், பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணை என்று வேலை சிதறியது. வேலை சிதறியபோது தொழிலாளர் சட்டத்தின் கண்ணும் சிதறியது. ஆலைக்குள் ஆய்வாளர் எண்ணக்கூடிய தலைகளைவிட, எண்ண முடியாமல் வீடுகளில் இருந்த கைகள் அதிகம். அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலாளர் பற்றி அளித்த புகழ்பெற்ற தீர்ப்பின் தொடக்கம் சிவகாசிதான். வரிச் சலுகைதான் குழந்தைகளை வேலைக்கு அனுப்பியது என்று சொல்வது அநியாயம். வறுமையும் பள்ளியின் தொலைவும் அனுப்பின. ஆனால் சிறியதாகவே இரு, இயந்திரம் வாங்காதே, சிதறிக் கிட என்று ஆண்டுதோறும் சொன்ன வரி அமைப்பு அந்த வறுமையை ஆலையின் கணக்குக்குள் லாபமாக மாற்றிக் கொடுத்தது.

இந்தத் தர்க்கம் 2012இலும் உயிரோடிருந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி, பாதி இயந்திரமான தீப்பெட்டி ஆலைகளுக்கான உற்பத்தி வரியை 10 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார். ஒரு மத்திய நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் தெற்கத்திச் சீமையின் ஒரு சிறுதொழிலுக்காகத் தனியே ஒரு வரி படிப்பது அன்று இயல்பான காரியம். சிவகாசி, கோவில்பட்டி சங்கங்கள் டெல்லிக்கு மனு அனுப்பியதும், அமைச்சரைச் சந்தித்ததும், பட்ஜெட் நாளில் வானொலியையும் தொலைக்காட்சியையும் சுற்றி உட்கார்ந்ததும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

கதவு மாறிய ஆண்டு

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது பட்டாசுக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டது. அது எவ்வளவு பெரிய தாவல் என்பதைச் சிறிய ஆலையின் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2007-08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம், சிறுதொழில் உற்பத்தி வரி விலக்கின் வரம்பை 1 கோடியிலிருந்து ஒன்றரைக் கோடி ரூபாயாக உயர்த்தியிருந்தார். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்குள் விற்ற பட்டாசு ஆலை மத்திய உற்பத்தி வரி கட்டவேண்டியதில்லை. மாநில மதிப்புக்கூட்டு வரி மட்டும்தான். ஜிஎஸ்டியில் அந்த விலக்கு 20 லட்சமாகச் சுருங்கியது. 2019 ஏப்ரலில்தான் சரக்குகளுக்கு 40 லட்சமானது. பல ஆண்டுகளாக வேலிக்குள்ளேயே வளர்ந்த சிறு ஆலைகள் ஒரே இரவில் வெட்டவெளியில் நின்றன.

சிவகாசி அறிக்கையோடு நிற்கவில்லை. பட்டாசு ஆலைகள் கதவடைத்தன. தீபாவளிக்கு மூன்றரை மாதம்தான் இருந்தது. உற்பத்தி உச்சத்தில் இருக்கவேண்டிய ஜூலை அது. அந்த நேரத்தில் வேலையை நிறுத்துவது முதலாளிக்கும் நட்டம், துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளிக்கு அதைவிட நட்டம். கடைசியில் நவம்பர் 10 அன்று குவாஹாட்டியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், 28 சதவீதத்தில் இருந்த 178 பொருள்களின் வரியைக் குறைத்தபோது பட்டாசும் 18 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டின் தீபாவளி அக்டோபர் 18 அன்றே முடிந்திருந்தது. சரக்கு முழுவதும் 28 சதவீதத்தில் விற்றுப்போன பிறகுதான் நிவாரணம் வந்தது.

வரியின் அளவு மாறியதைவிடக் கதவு மாறியது பெரிய விஷயம். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுத்தொழிலுக்கும் இப்போது மத்திய பட்ஜெட்டில் உள்நாட்டு வரி விகிதம் எதுவும் கிடையாது. மத்திய நிதியமைச்சர் தலைமையில் எல்லா மாநில அமைச்சர்களும் அமரும் கவுன்சில் ஆண்டின் எந்த மாதத்திலும் கூடி முடிவு செய்யலாம். கைத்தீப்பெட்டிக்கு 5, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 என்று இருந்ததை 2020 மார்ச் 14 அன்று இரண்டுக்கும் 12 என ஒன்றாக்கியதும் கவுன்சில்தான். பல பத்தாண்டுகள் நீடித்த வரிப் படிக்கட்டு அன்றோடு போயிற்று. அதைப் பற்றி அந்த ஆண்டு பட்ஜெட் உரையில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இன்றும் பிப்ரவரி 1 மாலை வரும் கருத்துகளில் ‘ஜிஎஸ்டி குறைக்கப்படவில்லை’ என்ற ஏமாற்றம் இடம்பெறுகிறது. அந்தக் கோரிக்கையைச் சென்னைத் தலைமைச் செயலகத்திலும் சேர்த்துத் தட்டவேண்டும். கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

இரண்டு ரூபாய்க்குள் ஒரு கணக்கு

தீப்பெட்டியை வைத்து வரியின் பயணத்தைப் பார்ப்பது சுலபம். அதன் விலை நாணயத்தில் மட்டுமே நகரும். 2007இல் 50 பைசாவிலிருந்து 1 ரூபாய். பிறகு 14 ஆண்டுகள் அதே ஒரு ரூபாய். அந்தப் பதினான்கு ஆண்டில் பட்ஜெட்டுகள் வந்தன, ஜிஎஸ்டி வந்தது, வரி 5 ஆகி 12 ஆனது. கடையில் பெட்டி விலை அசையவில்லை. 2021இல் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்கும், மெழுகு 58இலிருந்து 80க்கும் போனது; அட்டை விலையும் ஏறியது. ஐந்து தீப்பெட்டிச் சங்கங்கள் சிவகாசியில் கூடி டிசம்பர் 1 முதல் பெட்டி 2 ரூபாய் என்று முடிவெடுத்தன. பெட்டிக்கு 36 குச்சி என்பது 50 ஆயிற்று. 600 பெட்டி கொண்ட பண்டல் 270 முதல் 300 ரூபாய் வரை விற்றுக்கொண்டிருந்தது. புதிய விலை 430 முதல் 480, வரியும் வண்டிச் சத்தமும் தனி.

பதினான்கு ஆண்டுக் காலம் ஏறிய செலவையும் வரியையும் யார் தாங்கினார்கள்? வாங்குபவர் தாங்கவில்லை, அவருக்கு விலை ஒரு ரூபாய்தான். மொத்த வியாபாரியின் பங்கு ஓரளவு சுருங்கியிருக்கும். மீதி ஆலையின் லாபத்திலும், கட்டை அடுக்கும் பெண்ணின் துண்டுக் கூலியிலும், குச்சியின் தடிமனிலும், மூடிய ஆலைகளிலும் கழிந்தது. விலை நகர முடியாத பொருளில் போடும் வரி பின்னோக்கித்தான் பாயும். அது கடைசியில் சேரும் இடம் பேரம் பேசும் வலிமை குறைந்தவர்.

2025 செப்டம்பர் 22 முதல் தீப்பெட்டி வரி 12இலிருந்து 5 சதவீதமானது. 450 ரூபாய் பண்டலுக்கு 54 ரூபாயாக இருந்த வரி 22 ரூபாய் 50 காசு ஆகிறது. பண்டலுக்கு 31 ரூபாய் 50 காசு மிச்சம். கடையில் 2 ரூபாய்ப் பெட்டிக்கு முழு வரியும் கணக்கிட்டால்கூட 12 காசு சொச்சம்தான் குறையவேண்டும். அந்தக் காசுக்கு நாணயமே இல்லை. ஆகவே வரிக் குறைப்பு வாங்குபவரிடம் போகாது, சங்கிலியின் நடுவில் எங்கோ தங்கும். மூலப்பொருள் பக்கம் இன்னொரு முடிச்சு: பொட்டாசியம் குளோரேட் முதலான ரசாயனங்களுக்கும் மெழுகுக்கும் 18 சதவீதம் கட்டி வாங்கி, 5 சதவீதத்தில் விற்கும் ஆலைக்கு உள்ளீட்டு வரி குவியும். அதைத் திரும்பப் பெற விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கவேண்டும். பேண்ட்ரோல் காலத்தைப் போலவே மறுபடியும் பணம் முன்னால் போய் மாட்டிக்கொள்கிறது. கணக்கர் வைத்துக்கொள்ள முடிந்த ஆலை இதைச் சமாளிக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருபது பேரை வைத்து நடத்துபவருக்கு விகிதம் குறைந்த மகிழ்ச்சி முதல் காலாண்டு தாண்டுமா என்பது அந்த ரீபண்ட் எத்தனை நாளில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

வரிக்கு வெளியே இந்தத் தொழிலுக்கு உண்மையில் தெம்பு தந்த முடிவுகளும் பட்ஜெட்டில் வந்தவை அல்ல. 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனிலும், அவற்றின் உதிரிப் பாகங்களின் இறக்குமதியை 2024 அக்டோபரிலும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தடை செய்தது. ஒரு பிளாஸ்டிக் லைட்டர் பல தீப்பெட்டிகளின் விற்பனையைத் தின்றுவிடும் என்ற கவலைக்கு அந்த இரண்டு அறிவிக்கைகள்தான் விடை.

நாற்பத்தைந்து நாள்

பட்ஜெட்டில் தொழில்துறை அன்று மாலை கவனிக்காமல் விட்டு, பிறகு திடுக்கிட்ட ஒரு வரி உண்டு. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவுக்கு எச் என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தந்துவிடவேண்டும். தவறினால் பணம் தரும்வரை அந்தத் தொகையைத் தன் செலவாகக் காட்ட முடியாது, அதற்கும் சேர்த்து வரி கட்டவேண்டும். சிறியவருக்குப் பணம் நேரத்துக்குக் கிடைக்கவேண்டும் என்ற நியாயமான எண்ணம். 2024 மார்ச் நெருங்கியபோதுதான் சந்தை விழித்துக்கொண்டது. நாடு முழுவதும் வியாபாரிகள் அவகாசம் கேட்டார்கள்.

சிவகாசியின் வியாபாரம் நம்பிக்கையிலும் கடனிலும் ஓடுவது. ஆடிப்பெருக்கு அன்று புதிய ஆண்டின் நாட்காட்டி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டு ஆர்டர் எடுப்பார்கள். மார்கழிக்குள் சரக்கு போய்விடும். பணம் தவணையாக வரும். பட்டாசிலும் வட மாநில மொத்த வியாபாரிக்குப் பல மாதம் முன்பே சரக்கு ஏற்றுவதும், தீபாவளி விற்பனைக்குப் பின் கணக்கு முடிப்பதும் வழக்கம். இந்த வழக்கத்துக்கும் 45 நாளுக்கும் ஒத்துவரவில்லை. வாங்குபவர் முன் மூன்று வழிகள் இருந்தன: நேரத்துக்குப் பணம் தருவது, குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு செய்யாத ஆளிடம் வாங்குவது, நடுத்தர நிறுவனத்துக்கு மாறுவது. சட்டம் யாரைக் காக்க வந்ததோ அந்தச் சிறு அச்சகத்துக்காரர், பதிவுச் சான்றிதழ் தனக்குத் துணையா தடையா என்று யோசிக்கவேண்டிய நிலை. 2025-26 பட்ஜெட் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் முதலீட்டு வரம்பை இரண்டரை மடங்கும் விற்றுவரவு வரம்பை இரண்டு மடங்கும் உயர்த்தியபோது, 50 கோடிக்கு மேல் 100 கோடி வரை விற்பவரும் ‘சிறு’ நிறுவனம் ஆனார். அன்றைய செய்திகளில் இது சலுகை வரம்பின் விரிவாக்கமாக மட்டுமே பேசப்பட்டது. 45 நாள் விதியின் வலையும் அதே அளவுக்கு விரிந்தது. பெரிய ஆலையிடம் வாங்குபவருக்கும் இனி அதே கெடு.

எனக்கு இந்த விதியின் மேல் மதிப்பு உண்டு. சிறியவரின் பணத்தைப் பெரியவர் வட்டியில்லாக் கடனாக வைத்திருப்பது இந்தியத் தொழிலின் பழைய நோய். ஆனால் மருந்து வேலை செய்வதற்குச் சிறியவரிடம் பேரம் பேசும் வலிமையும் இருக்கவேண்டும். அது சங்கத்தால் வரும்; சிவகாசி அச்சகத்தாருக்குச் சங்கம் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஒரே கடன் காலக்கெடுவை அறிவித்து நின்றால் மட்டுமே இந்த விதி அவர்களுக்குப் பயன்படும்.

ஒரே உரையில் பூங்காவும் பஞ்சு வரியும்

2021 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் வாசித்த உரையில் மூன்று ஆண்டுகளில் ஏழு பெரும் ஜவுளிப் பூங்காக்கள் என்ற அறிவிப்பு இருந்தது. 4,445 கோடி ரூபாய்த் திட்டம். 2023 மார்ச் 17 அன்று அறிவிக்கப்பட்ட ஏழு இடங்களில் ஒன்று விருதுநகர். சாத்தூர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் சிப்காட் வசமிருந்த 1,052 ஏக்கர் அதற்கு ஒதுக்கப்பட்டது. அடிப்படை வசதிப் பணிகளுக்கான 1,894 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் 2025இல் வந்தது. உரையில் வாசித்த ஒரு வாக்கியம் ஒரு கரிசல் கிராமத்தில் சாலைக்கும் குழாய்க்குமான மதிப்பீடாக மாற நான்கு ஆண்டுக்கு மேலாயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலம், மாநில ஒப்பந்தம், தனி நிறுவனம், தண்ணீர் எல்லாம் கூடிவரவேண்டும். ஆனால் மூன்று ஆண்டில் ஏழு பூங்கா என்ற வாக்குறுதியை நம்பி இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்த ஒருவர் இருந்தால் அவர் கணக்கு என்ன ஆகியிருக்கும்? தனியார் முதலீட்டாளர் பட்ஜெட் அறிவிப்பை வரவேற்றுவிட்டுக் காத்திருப்பது இதனால்தான்.

அதே உரையில், பூங்காவைப் பாராட்டிய வேகத்தில் பலர் தாண்டிப்போன இன்னொரு வரி: இறக்குமதிப் பஞ்சுக்கு அதுவரை இல்லாத 10 சதவீதச் சுங்கம், கூடுதல் தீர்வை சேர்த்து 11. இதன் பதில் ராஜபாளையத்திலிருந்து வந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து நூற்பு அந்த ஊரின் ரத்த ஓட்டம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். 2021 தொடக்கத்தில் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, 45,000 ரூபாய் அளவில் இருந்தது. 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உலகச் சந்தையே ஏறிய காலம் அது, பழி முழுவதும் சுங்கத்தின் மேல் விழாது. ஆனால் உள்நாட்டுப் பஞ்சு கிடைக்காதபோது வெளியே வாங்கும் வாசலில் 11 சதவீதக் கட்டை கிடந்தது. மில்கள் ஷிப்டைக் குறைத்தன. தறிக்காரர் நூல் விலை கேட்டுத் தறியை நிறுத்தினார். 2022 ஏப்ரலில் அரசு அந்த வரியைத் தற்காலிகமாக நீக்கியது, பிறகு அது மீண்டும் வந்தது, 2025 ஆகஸ்டில் அரசு மறுபடியும் தற்காலிகமாக நீக்கியது.

பஞ்சு விளைவிக்கும் கரிசல் சம்சாரிக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். விருதுநகர் மாவட்டத்திலேயே மில்லும் உண்டு, பருத்திக் காடும் உண்டு. இறக்குமதி வரி அவருக்கு விலைப் பாதுகாப்பு. விருதுநகர் சந்தையில் உளுந்துக்கும் துவரைக்கும் இதே இழுபறிதான்: பருப்பு இறக்குமதிக்கு வரி இல்லை என்றால் மில்காரருக்கும் வாங்குபவருக்கும் லாபம், விதைத்தவருக்கு நட்டம். ‘தனியார் துறையின் கருத்து’ என்று ஒருமையில் எழுதும்போது இந்த மோதல் மறைந்துபோகிறது. உழுபவரும் தனியார்தான்.

கோரிக்கைப் பட்டியலில் இல்லாதது

நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள். நேரடியாகவும் மறைமுகமாகவும் 8 லட்சம் பேர் பிழைக்கிறார்கள் என்று தொழில்துறையினர் சொல்கிறார்கள். கடந்த பத்தாண்டில் இந்தத் தொழிலை அதிகம் உலுக்கியவை பட்ஜெட் அல்லாத முடிவுகள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. நவம்பரில் ஆலைகள் மூடி, அடுத்த மார்ச் வரை மூடியே கிடந்தன. சரம் பின்னத் தெரிந்த பெண்ணுக்கு வேறு வேலை தெரியாது. வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் நாக்பூர் பெசோ அலுவலகத்தின் உரிமம், சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரியின் பசுமைச் சான்று, டெல்லியின் காற்றுத் தரம் ஆகிய மூன்றும் பட்ஜெட் உரையில் வருவதில்லை. நிதியமைச்சர் விரும்பினாலும் ஒரு வரிக் குறைப்பால் இவற்றை ஈடுசெய்ய முடியாது.

அதனால்தான் பட்ஜெட்டில் எதைக் கேட்பது என்பதை இந்தத் தொழில் மறுபடி யோசிக்கவேண்டும் என்று கருதுகிறேன். வரியைக் குறை, தடையை நீக்கு, உரிமத்தை எளிதாக்கு என்ற மூன்றும் முதலாளியின் கோரிக்கைகள், நியாயமானவையும்கூட. அவற்றில் இல்லாதது பாதுகாப்பு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இன்னொரு விபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் பட்ஜெட் வாசித்துப் பன்னிரண்டாம் நாளில் வந்த பதில் என்று அதைப் படிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பட்ஜெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் முடியாது. உரிமம் பெற்ற ஆலையை உள்குத்தகைக்கு விட்டு, ஒரு அறையில் இருக்கவேண்டிய ஆட்களைவிட அதிகம் பேரை உட்காரவைத்து, பேன்சி ரக மருந்தை வெயிலில் அவசரமாகக் கலப்பது ஒரு பொருளாதார ஏற்பாடு. பருவம் குறுகியது, கடன் வட்டி ஏறுகிறது, தீபாவளித் தேதி நகராது. ஆகவே கை வேகமாக ஓடவேண்டும். கூலி துண்டுக் கணக்கு என்பதால் தொழிலாளியும் வேகத்தையே விரும்பவேண்டிய கட்டாயம்.

இந்த ஏற்பாட்டை மாற்றப் பணம் வேண்டும்: மருந்து கலக்கும், குழாயில் செலுத்தும் வேலைகளைத் தொலைவிலிருந்து செய்யும் இயந்திரங்களுக்குக் குறைந்த வட்டிக் கடன், சிவகாசியில் இருக்கும் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையத்துக்கு ஆட்களும் கருவிகளும், பெசோவுக்குப் போதிய ஆய்வாளர்கள், பட்டாசு ஆலை தொழிலாளியைத் துண்டுக் கூலியாக இருந்தாலும் இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பதற்கான ஊக்கம். இவை எல்லாம் மத்திய பட்ஜெட்டின் கைக்கு எட்டும் காரியங்கள். 2025-26 உரை குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத வரம்பை 5 கோடியிலிருந்து 10 கோடியாக்கியது. வெடி மருந்தோடு வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு இயந்திரத்துக்கென்று அந்த உத்தரவாதத்தில் தனிக் கதவு கேட்டால் எந்த நீதிமன்றமும் குறுக்கே நிற்காது, டெல்லிக் காற்றும் குறுக்கே நிற்காது. தமிழ்நாட்டு அரசு 2024 நவம்பரில் விபத்தில் இறந்த பட்டாசுத் தொழிலாளரின் பிள்ளைகள் உயர்கல்விக்கு 5 கோடி ரூபாய் நிதியம் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது இறந்த பிறகு தொடங்கும் செலவு.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன் டிசம்பரில் சங்கங்கள் நிதியமைச்சகத்துக்கு அனுப்பும் மனுவில் இந்தத் தலைப்பு முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். அதில் முதலாளிகள் சங்கத்தோடு தொழிற்சங்கங்களின் கையெழுத்தும் சேர்ந்திருக்கவேண்டும். கேட்காத கோரிக்கைக்கு எந்த நிதியமைச்சரும் தொகை ஒதுக்கியதில்லை. சிவகாசி சங்கங்களுக்குக் கேட்கத் தெரியும்: 2012இல் நாலு சதவீதத்தையும், 2017இல் பத்து சதவீதத்தையும், 2025இல் ஏழு சதவீதத்தையும் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்.